மாஸ்டரிடம் கேளுங்கள்: ஏழாம் நம்பர் மலையில் நின்ற சிறுத்தை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றித்தான். இந்தியாவின் கூனோ காட்டைப் பற்றித் தொலைக்காட்சியில் ஏதோ நிகழ்ச்சி போயிருக்கிறது என்று கடிதங்களைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டுப் பக்கம் முழுவதையும் இதற்கே தருகிறேன். நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவன், தோட்டப் பாடசாலைகளில் 31 வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன். இதைப் பற்றி எழுதக் கிடைத்தால் விடமாட்டேன்.

"சேர், இந்தியாவில் சிறுத்தை அழிந்துவிட்டதென்று ஆபிரிக்காவிலிருந்து பிளேனில் கொண்டுவந்து விட்டார்களாம். எங்கள் தோட்டத்து ஏழாம் நம்பர் மலையில் போன கிழமையும் ஒன்று நின்றது. கேட்டிருந்தால் நாங்களே கொடுத்திருப்போம். ஏன் இவ்வளவு செலவு?"
– ஒரு இளைஞர், தலவாக்கலை

தம்பி, பெயர்தான் உங்களைக் குழப்பிவிட்டது. ஆபிரிக்காவிலிருந்து வந்தது சிவிங்கிப்புலி. தமிழ்ச் செய்திகளில் அதையும் சிறுத்தை என்றே சொல்லிவிடுகிறார்கள். உங்கள் ஏழாம் நம்பர் மலையில் நின்றது வேறு மிருகம். நம்முடைய சிறுத்தையின் உடம்பில் பூவிதழ் அடுக்கினாற்போல வட்டம் வட்டமாக இருக்கும். சிவிங்கிக்கு மை தொட்டு வைத்தாற்போல ஒற்றைப் பொட்டு. கண்ணோரத்திலிருந்து வாய் வரைக்கும் கண்ணீர் வழிந்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. அது திறந்த வெளியில் ஓடிப் பிடிக்கிற மிருகம். நம்முடையது பதுங்கிப் பிடிக்கும், மரமேறும். இந்தியாவில் சிறுத்தை ஆயிரக்கணக்கில் இருக்கிறது, கூனோவிலேயே நிறைய இருக்கிறது. இல்லாமற் போனது சிவிங்கிதான்.

போனது எப்படி என்று கேட்டால் நெஞ்சு அடைக்கும். 1947ஆம் ஆண்டு, இன்றைய சத்தீஸ்கரில் இருக்கும் கொரியா சமஸ்தானத்தின் ராஜா ஒரே இரவில் மூன்று சிவிங்கிகளைச் சுட்டார். இந்தியாவில் உறுதியாகப் பதிவான கடைசிச் சிவிங்கிகள் அவை என்றே சொல்லப்படுகிறது. 1952இல் அரசாங்கமே, இனி இந்த மிருகம் நம் நாட்டில் இல்லை என்று அறிவித்தது. எழுபது வருடம் கழித்து, 2022 செப்டெம்பர் 17ஆம் திகதி, நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிகள் மத்தியப் பிரதேசத்திலுள்ள கூனோவுக்கு வந்து இறங்கின. அடுத்த பெப்ரவரியில் தென்னாபிரிக்காவிலிருந்து இன்னும் 12.

வந்தவை பட்ட பாட்டில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பூமியின் தென்பாதியில் ஜூன், ஜூலை குளிர்காலம். அந்த மிருகங்களின் உடம்பு பிறந்த நாட்டுக் கணக்கை மறக்கவில்லை. குளிருக்கென்று அடர்த்தியாக மயிர் வளர்த்தது. ஆனால் கூனோவில் அது மழைக்காலம். கழுத்தில் கட்டிய ரேடியோப் பட்டிக்குக் கீழே மயிர் ஈரம் காயாமல் ஊறி, புண்ணாகி, ஈ முட்டையிட்டுப் புழு வைத்தது. 2023 ஜூலையில் அப்படியே செத்துப்போயின சில. அதே வருடம் மார்ச்சில் அங்கு பிறந்த நான்கு குட்டிகளில் மூன்று, மே மாத வெயிலைத் தாங்காமல் போயின. வைத்தியர்கள் இருந்தார்கள், பணம் இருந்தது, உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் ஒரு மிருகத்தின் உடம்பு புது மண்ணோடு ஒத்துப்போவது அவ்வளவு கஷ்டம். அதற்குப் பிறகும் குட்டிகள் பிறந்து வளர்ந்திருக்கின்றன. 2025 ஏப்ரலில் இரண்டை காந்தி சாகர் காட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அந்த வேலையில் இருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. போனதைத் தேடி எடுக்க நினைத்தார்களே, அதற்கே என் மரியாதை.

இன்னொன்றையும் நம் சனம் தெரிந்துகொள்ள வேண்டும். கூனோவை முதலில் தயார்படுத்தியது குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களுக்காக. அதற்கென்று 24 கிராமங்களைக் காட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். அதிகம் பேர் சஹாரியா என்ற பழங்குடிச் சனம். சிங்கங்களைக் கொடுக்கும்படி 2013இல் உச்ச நீதிமன்றமே சொல்லியும் அவை வரவில்லை. எங்கள் சனத்தை இந்தியாவுக்கு அனுப்பச் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னார்க் கப்பலுக்குப் பெட்டி கட்டியவர்களின் பிள்ளைகள் நாங்கள். "ஊரைக் காலி பண்ணு" என்ற சொல் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மிருகம் வரட்டும் என்று ஆசைப்படும்போதே அந்த 24 கிராமங்களையும் நினைக்கிறேன்.

"போன மிருகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து உண்மையாகவே வென்ற இடம் ஏதாவது உண்டா?"
– ஆசிரியை, ஹட்டன்

உண்டு டீச்சர். எனக்கு மிகவும் பிடித்தது பன்னா. அதுவும் மத்தியப் பிரதேசம்தான். 2009இல் பார்த்தால் அந்தப் புலிகள் காப்பகத்தில் ஒரு புலிகூட மிச்சமில்லை, வேட்டைக்காரர் துடைத்துவிட்டார்கள். (இது நிஜப் புலி, உடம்பில் வரியுள்ளது.) பாந்தவ்கர், கான்ஹா காடுகளிலிருந்து இரண்டு பெண் புலிகளையும் பென்ச் காட்டிலிருந்து ஓர் ஆண் புலியையும் கொண்டுவந்தார்கள். அந்த ஆண் புலி, டி-3 என்று பெயர், சில நாளிலேயே காட்டை விட்டு வெளியேறித் தெற்கே நடக்கத் தொடங்கியது. தன் சொந்தக் காடு இருக்கிற திசைக்கு. வயல், ரோடு, ஊர் எல்லாம் தாண்டி ஒரு மாதமளவு நடை. ஆட்கள் யானைகளில் ஏறி அதன் பின்னாலேயே போனார்கள். ஊர்ச்சனம் அடித்துவிடக் கூடாதே என்ற பயத்தோடு ராப்பகலாகப் போய், கடைசியில் மயக்க மருந்து கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகுதான் அது அங்கே தங்கியது. 2010 ஏப்ரலில் குட்டிகள். இன்று பன்னாவில் 50க்கும் மேல்.

சரிஸ்கா என்ற இடத்திலும் புலி முற்றாக அழிந்து, 2008இல் ரண்தம்பூரிலிருந்து ஹெலிகொப்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள். அங்கே முதல் குட்டி பார்க்க நான்கு வருடம் பிடித்தது. முதலில் வந்த ஆண் புலியை 2010இல் நஞ்சு கொன்றது. முன்பிருந்த புலிகளை அழித்த கை அங்கேயே இருந்தது, ஊருக்கும் காட்டுக்குமான பிணக்கும் தீரவில்லை. ஆர்ஜென்டீனாவின் இபேரா சதுப்பு நிலத்தில் எழுபது வருடமாக இல்லாதிருந்த ஜகுவார் என்ற பெரிய பூனையை 2021 ஜனவரியில் தாயும் இரண்டு குட்டியுமாகத் திறந்துவிட்டார்கள். அங்கே விடுகிற மிருகத்தைத் தேடுவதற்கு முன்பே, அது தின்னும் விலங்குகள் பெருக வழி பார்த்தார்கள். பக்கத்து ஊர்ச்சனத்தைப் பல வருடம் தங்கள் பக்கம் சேர்த்தார்கள். அந்த வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது.

"நம் கொடியில் சிங்கம் இருக்கிறது, காட்டில் இல்லை. சிவனொளிபாதமலைக் காட்டில் சிங்கமோ புலியோ கொண்டுவந்து விட முடியாதா?"
– வாசகர், ஹப்புத்தளை

இந்த மண்ணில் இரண்டும் இருந்திருக்கின்றன என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். சிவனொளிபாதமலைக்கு இரத்தினபுரிப் பக்கத்தால் ஏறுகிறவர்கள் குருவிட்டை வழியாகத்தான் வருவார்கள். அந்தக் குருவிட்டைப் பகுதி மண்ணிலிருந்து கிடைத்த பல்லை வைத்துத்தான் தெரணியகல என்ற அறிஞர் 1939இல் இலங்கைச் சிங்கம் ஒன்று இருந்தது என்று பெயரிட்டு எழுதினார். அங்கேயே வரிப்புலியின் எலும்பும் கிடைத்திருக்கிறது. ஆனால் அதெல்லாம் பல்லாயிரம் வருடத்துக்கு முந்தியது. அவை போன பிறகு இந்தக் காடு வேறு காடாகிவிட்டது.

மிஞ்சிய ஒரே பெரிய பூனை நம் சிறுத்தைதான். தன்னை மிரட்ட இன்னொன்று இல்லாததால் இந்தத் தீவில் அதுவே ராஜா. வெளியிலிருந்து புலியைக் கொண்டுவந்தால் முதலில் அடிபடுவது சிறுத்தை. அதோடு, நம் மலைக்காடு ஒரே துண்டாக இல்லை. 1820களிலிருந்து கோப்பிக்கு வெட்டினார்கள், கோப்பியில் நோய் விழுந்து தேயிலைக்கு வெட்டினார்கள். வெட்டியது எங்கள் பாட்டன் பூட்டன் கைகள்தான், கூலிக்கு, பசிக்கு. நுவரெலியாவில் மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்காரரின் கல்லறை இருக்கிறது. 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று சொல்வார்கள். 1845இல் உங்கள் ஹப்புத்தளையில்தான் இடி விழுந்து இறந்தார். அந்த மேட்டு நிலத்தில் இன்று ஒரு யானை காட்டுங்கள் பார்ப்போம். ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ், சிவனொளிபாதமலைக் காடு மூன்றையும் சேர்த்து 2010இல் உலக மரபுரிமை என்று அறிவித்தார்கள். அந்தக் காடுகளைச் சுற்றிப் பெரும்பாலும் தேயிலைதான் கிடக்கிறது. ஒரு சிறுத்தை ஒரு காட்டுத் துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போவதென்றால் பல இடங்களில் நம் லயத்துக்குப் பின்னால்தான் போக வேண்டும்.

ஆகவே ஐயா, என் ஆசை சிங்கத்தின் மேல் இல்லை. நம் சிறுத்தையின் பெயரை, இன்னொரு நாட்டில் தேடிப் பிளேனில் கொண்டுவர வேண்டிய மிருகங்களின் பட்டியலில் எழுதவிடக் கூடாது என்பதில்தான்.

"மாஸ்டர், உருளைக்கிழங்கு போட்டால் ஒரே ராத்திரியில் காட்டுப்பன்றி கிண்டிப்போட்டுப் போகிறது. பன்றிக்குத்தான் கம்பிச் சுருக்கு வைக்கிறோம். அதில் புலி மாட்டினால் நாங்கள் என்ன செய்ய? பன்றிக்கு வைப்பதும் குற்றமா?"
– தோட்டத் தொழிலாளி, மஸ்கெலியா

அண்ணே, கேட்டதற்கு நன்றி. தோட்டத்தில் நாம் புலி என்று சொல்வது சிறுத்தையைத்தான். சிறுத்தை 1937ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பில் உள்ள மிருகம். பன்றிக்கென்று வைத்தேன் என்று சொன்னாலும் சுருக்கில் சிறுத்தை செத்தால் வழக்கு வரும். ஆனால் சட்டத்தைக் காட்டி உங்களைப் பயமுறுத்த நான் இதை எழுதவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் படிப்பித்த ஒரு தோட்டத்தில், ஒரு மாசி மாதக் காலை, பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது) முடியும் நேரம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மூச்சு வாங்க ஓடி வந்தான். "சேர், அப்பாவோட மரக்கறித் தோட்டத்துல புலி கெடக்குது." ஓடையோரம் இறங்கிப் பார்த்தேன். பெண் சிறுத்தை. மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பியில் செய்த சுருக்கு. பன்றி என்றால் கழுத்தில் விழும். சிறுத்தை ஒல்லி உடம்பு, தலையும் தோளும் நுழைந்து போய்விடும், பிறகு இடுப்பில் இறுகும். கம்பி கண்ணுக்கே தெரியவில்லை, மயிருக்குள் அவ்வளவு புதைந்திருந்தது. இழுத்து இழுத்துச் சுற்றியதில் தரை வட்டமாக, உரல் குழி போலக் கிண்டிக் கிடந்தது. கைக்கெட்டிய தேயிலைச் செடி எல்லாம் கடித்துக் குதறி வெள்ளையாகத் தெரிந்தது. குளிரில் அதன் மூச்சு ஆவியாக வந்து வந்து நின்றது. மடியில் பால் கட்டியிருந்தது.

ஊரே திரண்டுவிட்டது. கல்லெறிந்தார்கள் சிலர். நானும் இரண்டு கங்காணிமாரும் கையை விரித்துக்கொண்டு சனத்தைத் தள்ளி நிறுத்தினோம். மிருக வைத்தியர் வந்து சேர மத்தியானம் தாண்டியது. மயக்கி, கம்பியை வெட்டி, லொறியில் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் செத்துப்போனது என்று செய்தி வந்தது. கம்பி உள்ளே குடலையும் சிறுநீரகத்தையும் நெரித்திருந்ததாம். சுருக்கிலிருந்து எடுத்துவிட்டால் பிழைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். பிறகுதான் தெரிந்தது, எடுத்தாலும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணியில் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தையை உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாளில் இறந்ததே, அதற்கும் இதே கதிதான்.

அந்தக் கிழமை இரண்டு இரவு ஓடைக்கு மேலே காட்டில் குட்டி கத்துகிற சத்தம் கேட்டது. மூன்றாம் இரவு கேட்கவில்லை.

பையனின் அப்பா என் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார், நெடுநேரம் ஒன்றும் பேசாமல். "பன்னிக்குத்தான் மாஸ்டர் வச்சேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மேல் வழக்குப் போட்டார்கள். அவர் கிழங்கைப் பன்றி தின்றபோது எட்டிப் பார்க்க யாரும் வரவில்லை. இதைத்தான் என்னால் இன்றும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. மறுநாள் அவரே என்னைக் கூட்டிக்கொண்டு ஓடையோரம் நடந்து, மிச்சம் வைத்திருந்த பதினொரு சுருக்கையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கை நடுங்கியதால் இரண்டை நான் அவிழ்த்தேன்.

சுருக்கை எடுத்தால் பன்றிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். தனித்தனித் துண்டுக்கு வேலி போட்டு யாருக்கும் கட்டாது. அந்தத் தோட்டத்தில் பிறகு பதினான்கு குடும்பம் சேர்ந்து, காட்டுப் பக்கம் மட்டும் ஒரே நீள வேலி போட்டோம். பழைய கூரைத் தகரத்தை அடியில் ஒரு முழம் மண்ணுக்குள் புதைத்து நிறுத்தினோம். பன்றி மூக்கால் நெம்பித்தான் உள்ளே வரும், அடியில் தகரம் இருந்தால் அதற்கு வழியில்லை. கிழங்கு முற்றுகிற மாதம் முறை வைத்துக் காவல். பன்றி முற்றாக நிற்கவில்லை, குறைந்தது. நட்டம் தாங்கக்கூடிய அளவுக்கு வந்தது. இன்னொன்றையும் யோசியுங்கள்: பன்றிக்குட்டியையும் முள்ளம்பன்றியையும் உங்களுக்காக இரவெல்லாம் பிடித்துத் தின்னும் மிருகம் எது?

"என் நாயைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. பயத்தில் பிள்ளைகளை ஆறு மணிக்கு மேல் வெளியில் விடுவதில்லை. கூடு வைத்துப் பிடித்து வில்பத்து மாதிரித் தூரக் காட்டில் விடச் சொன்னால் என்ன?"
– இல்லத்தரசி, நோர்வூட்

தங்கச்சி, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் பிடித்துத் தூர விடுவதை இந்தியாவில் செய்து பார்த்துவிட்டார்கள். மகாராஷ்டிராவில் ஜுன்னார் என்ற கரும்புப் பிரதேசம். 2001க்கு முன் வருடத்துக்குச் சராசரி 4 பேர் சிறுத்தையால் தாக்கப்பட்டார்கள். சிறுத்தைகளைப் பிடித்துப் பிடித்து வேறு காடுகளில் விடத் தொடங்கிய பிறகு அது 17 ஆனது. வித்யா ஆத்ரேயா என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் இதைக் கணக்கிட்டு எழுதினார்கள். காரணம் லேசாக விளங்கும்: உங்களுக்குப் பழகிய சிறுத்தை உங்கள் லயத்துப் பாதையை அறியும், ஆட்களைக் கண்டால் ஒதுங்கும். அதைப் பிடித்தால் அந்த இடம் காலியாக இருக்காது. புதிது ஒன்று வரும். கொண்டுபோய் விட்டது அங்கே வழி தெரியாமல் அலையும்.

நாயை இரவில் வீட்டுக்குள்ளோ மூடிய கூட்டிலோ போடுங்கள். லயத்துக்குப் பின்னால் இறைச்சிக் கழிவைக் கொட்டவிடாதீர்கள். அதைத் தின்ன நாய் சேரும், நாயைத் தேடி அது வரும். மாட்டுப்பட்டிக்குக் கதவு வேண்டும். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் காலையில் மலைக்குள் இறங்கும்போது சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு இறங்கட்டும். என் அம்மா நாற்பது வருடம் கொழுந்தெடுத்தவர். ஒருநாள் செடிக்கடியில் படுத்திருந்ததை ஏறக்குறைய மிதித்தேவிட்டார். "ஒரு உறுமல், அவ்வளவுதான். அது கீழ ஓடுச்சு, நான் மேல ஓடுனேன்" என்று சொல்வார். எங்காவது சிறுத்தை நிற்கிறது என்றால் சுற்றி வளைக்காதீர்கள்; அது போக ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். வழி அடைபட்ட சிறுத்தைதான் பாய்கிறது. காயப்பட்டதோ மாட்டியதோ கண்டால் பொலிசின் 119க்கு எடுத்துச் சொல்லுங்கள், வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் சொல்லுங்கள்.

"கருஞ்சிறுத்தை வேறு இனமா?"
– மாணவன், இராகலை

இல்லை. அதே சிறுத்தைதான், கறுப்பு நிறமி கூடிப் பிறந்தது. வெயிலில் பார்த்தால் கறுப்புக்குள்ளேயே பூவட்டங்கள் தெரியும்.

"சேர், எங்கள் பீலிக்கரைச் சேற்றில் ஒரு தடம் இருக்கிறது. நாயா சிறுத்தையா என்று எப்படிப் பார்ப்பது?"
– மாணவி, தரம் 9, பொகவந்தலாவை

மகளே, இந்த மாதம் வந்ததில் எனக்குப் பிடித்த கடிதம் உன்னுடையது. முதலில் நகம் பார். நாயின் தடத்தில் விரல் நுனியில் நகக்குறி விழும். சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், குறி விழாது. பிறகு உள்ளங்கால் மெத்தையின் பின்பக்கத்தைப் பார். சிறுத்தைக்கு மூன்று வளைவு தெளிவாக இருக்கும். நாயின் தடம் நீட்டுவாக்கில் இருக்கும், சிறுத்தையினுடையது வட்டமாக. அகலம் ஏழு, எட்டு சென்ரிமீற்றர் இருந்தால் காட்டுப்பூனையும் அல்ல. கிழக்கு வெயில் சரிந்து விழுகிற காலை ஏழு மணிக்குப் பார்த்தால் ஓரங்கள் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது.

தண்ணீர் எடுக்க வருகிறவர்கள் மிதித்துவிடாமல் ஒரு வாளியைக் கவிழ்த்து மூடி வை. பக்கத்தில் உன் அடிமட்டத்தை வைத்து அப்பாவின் போனில் படம் எடு. திகதியும், அது மேலே காட்டுப் பக்கம் போகிறதா கீழே ஓடைப் பக்கம் போகிறதா என்பதையும் எழுதி அனுப்பு. தனியாகப் போகாதே, அண்ணனையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போ.